ரொட்டிப் பத்தியம்

ஐம்பத்தோரு வயதில், வாய் வழியாகக் குழாய் விட்டு என் வயிற்றைப் பார்த்து முடித்த கையோடு, ஆஸ்பத்திரி கேன்டீனில் உட்கார்ந்து நான் கேட்டது ரெண்டு ரஸ்க்கும் ஒரு டீயும். தொண்டை மரத்துப் போயிருந்தது. அதனால் ரஸ்க்கை நன்றாக ஊறவைத்துத் தின்றேன். நோயாளிக்கு ரஸ்க் நல்லதுதானே. இது போதாதென்று, குழாய் விடுவதற்கு முன்னால் டாக்டரம்மாவிடம் பெருமை வேறு அடித்திருந்தேன்.

"நான் சோத்தத் தொட்டே பத்து வருஷம் ஆச்சுங்க. எல்லாம் சப்பாத்தி, ரவை உப்புமா, ரஸ்க்குதான். வயிறு விஷயத்துல ரொம்பக் கட்டுப்பாடு."

அந்தப் பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். திருடன் தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து விலாசம் சொன்னால் போலீஸ்காரர் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பாராட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வயதுக்காரர்களே, உங்களிடம் இதைச் சொல்லக் கூச்சமில்லை. முன்பெல்லாம் நாம் நாலு பேர் கூடினால் சினிமா பேசினோம். அப்புறம் வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு. இப்போது வாயு பேசுகிறோம். போன கல்யாணத்தில் பந்திக்கு முன்னால் ஆளுக்கொரு மாத்திரையை எடுத்து ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டோமே, அப்போதே நான் இதை எழுதியிருக்க வேண்டும். எழுதச் சலிப்பாக இருந்தது. வயிறு கெட்டவனுக்கு முதலில் வருவது வலி இல்லை, சலிப்பு.

என் வயிற்றின் கதை நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்தில் தொடங்குகிறது. காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் வீடு. அப்பாவுக்குக் கொம்யூன் ஆபீசில் கிளார்க் வேலை. கொம்யூன் என்றால் பஞ்சாயத்துதான். பிரெஞ்சுக்காரன் போய்விட்டான், அந்தப் பெயர் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. எனக்குக் கை கால் எல்லாம் முருங்கைக்காய். வயிறு மட்டும் பானை. தட்டினால் சத்தம் வரும். எங்கள் ஊருக்கு எலும்பு தெரிகிற உடம்பு புதிதில்லை, பேயுருக் கொண்ட காரைக்கால் அம்மையாரைக் கும்பிடுகிற ஊர். ஆனால் அம்மையாருக்குத் தொந்தி கிடையாது. எனக்கு இருந்தது.

சாப்பிட்டதெல்லாம் தங்காமல் போய்விடும். ஒரு நாளைக்கு ஐந்து தடவை, ஆறு தடவை. அந்தக் காலத்து மருத்துவ ஞானம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். காய்ச்சல் வந்தால் பன். வயிறு போனால் ரஸ்க். எனக்கு வயிறு போனது, ரஸ்க் கொடுத்தார்கள். மேலும் போனது. ஐயோ பாவம் என்று மேலும் ரஸ்க் கொடுத்தார்கள். அந்த வருஷம் பள்ளிக்கூடத்தில் நான் இருந்த நாளைவிட இல்லாத நாள் அதிகம்.

முதலில் பூச்சி என்றார்கள். டவுன் டாக்டர் மலத்தைப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவெல்லாம் ஏது, தீப்பெட்டிதான். காலிப் பெட்டியில் வாழைச்சருகு வைத்து, அதில் வைக்க வேண்டியதை வைத்து, நூல் சுற்றி, அப்பா தன் வெள்ளைச் சட்டையின் மேல்பையில் போட்டுக்கொண்டார். பீடி சிகரெட் தொடாத மனிதர். பஸ் ஸ்டாண்டில் அவருடைய ஹெட் கிளார்க், வாயில் பற்றவைக்காத சிகரெட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னய்யா, நீ எப்ப ஆரம்பிச்ச? அத இங்க குடு" என்று நேராகப் பையை நோக்கிக் கையை நீட்டினார்.

"சார், வேணாம் சார்."

"ஒரு குச்சிதானய்யா. என்னமோ பொட்டியோட கேட்ட மாதிரி."

"இது பையனோடது சார்."

"ஏன்யா, அந்த நோஞ்சானுமா ஊதுறான்?"

அப்பா ஒரு கையால் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் என்னை இழுத்துக்கொண்டு, வந்து நின்ற முதல் பஸ்சில் ஏறிவிட்டார். அது டவுனுக்கு எதிர்த் திசையில் நெடுங்காடு போகிற பஸ். இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கித் திரும்ப நடந்தோம். தன் வாழ்நாளில் அவர் பொய் சொல்லத் தெரியாமல் திண்டாடிய கதைகளில் இது ஒன்று.

பூச்சி இல்லை என்று முடிவு வந்தது. இருந்தாலும் பூச்சி மருந்து கொடுத்தார்கள். கூடவே ரோஸ் நிறத்தில் ஒரு மிக்ஸர். பாட்டிலை நாம்தான் கொண்டு போக வேண்டும். வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, கம்பவுண்டர் ஒரு காகிதத்தை மடித்துப் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் முதுகில் ஒட்டிக் கொடுப்பார். அந்த மருந்தைவிட அந்தக் காகிதத்தின் மேல்தான் எனக்கு நம்பிக்கை.

டாக்டர் ஒவ்வொரு தடவையும் அப்பாவைத்தான் கேட்பார். "என்ன சாப்புடுறான்?"

"நல்லாத்தான் சாப்புடுறான் சார்" என்பார் அப்பா. அவர் காலை எட்டு மணிக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வருகிறவர். நான் மத்தியானம் சாப்பிட்டு அவர் பார்த்ததே கிடையாது. பார்த்தவள் பின்னால் சுவரோடு ஒட்டிக் காலி பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அம்மாவை யாரும் கேட்டதில்லை. கேட்காமல் சொல்கிற பழக்கம் அவளுக்கும் இல்லை.

அப்புறம் பெரியப்பா வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். பெரியப்பா சொல்தா. காரைக்கால் டவுனில் மாடி வீடு. காலையில் ஒரு பெரிய கிண்ணத்தில் காப்பி ஊற்றி, நீள ரொட்டியைப் பிய்த்து அதில் முக்கித் தின்பார். அப்பாவுக்கு அண்ணன் வாக்கு கெஜட்டில் வந்த உத்தரவு மாதிரி.

அவர் என் வயிற்றை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, நான் இருவது வருஷம் பிரான்சுல இருந்திருக்கேன். ஒருத்தனாச்சும் வயித்தப் புடிச்சிட்டு உக்காந்து பாத்ததில்ல. ஏன்?"

பதிலையும் அவரே சொன்னார்.

"அவன் அரிசி திங்க மாட்டான். அரிசி உள்ள போயி நொதிக்கும். அதான் இந்த உப்புசம். மூணு வேளையும் ரொட்டி குடு. சோறு, இட்லி, தோசை, எதுவும் கண்ணுல காட்டாத. எந்த வேஷத்துல வந்தாலும் அரிசி அரிசிதான்."

அடுக்களை வாசலிலிருந்து அம்மா மெதுவாகச் சொன்னாள். "நொய்யில கஞ்சி காச்சிக் குடுத்தா அன்னைக்கு மட்டும் கொஞ்சம் தேவலையா இருக்கானுங்க."

"அண்ணன் பேசிட்டு இருக்காங்கல்ல" என்றார் அப்பா.

பெரியப்பா அவள் பக்கம் திரும்பாமலே முடித்துவைத்தார். "அந்தக் கைச்சோறுதான் புள்ளைக்கு ஒத்துக்கல. கோவிச்சிக்கிட்டா ஆகாது."

சுற்றிலும் நெல் விளைகிற ஊரில், வயல் வரப்பில் நடந்து பள்ளிக்கூடம் போகிற ஒரு பையனுக்கு அரிசியை விலக்கிவிட்டுக் கோதுமையைக் கொடுத்துக் காப்பாற்ற முடிவானது. உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது இந்த யோசனை தோன்றியிருக்குமா என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். வீட்டுக்கு ஒரு சொல்தா இருந்தால்தான் தோன்றும்.

மறுநாளிலிருந்து அப்பா விடிந்தும் விடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போவார். பேக்கரியில் முதல் சூடு இறங்குகிற நேரம். ஒரு முழு ரொட்டியைத் தினத்தாளில் சுற்றி, ஹாண்டில்பாரில் பையோடு தொங்கவிட்டுக்கொண்டு வருவார். தாள் சூட்டில் நெகிழ்ந்து அச்சு மை ரொட்டியில் ஏறியிருக்கும். சில நாள் ராசிபலனைச் சேர்த்தே தின்றிருக்கிறேன். வந்ததும் வியர்வையைத் துடைக்காமல் அதை என் கையில் கொடுப்பார். மூன்று வேளைக்கும் அதுதான். அந்த வாசனை இப்போதும் எனக்குப் பிடிக்கும். அதுதான் இந்தக் கதையின் கேவலமான பகுதி.

அம்மா சோறு சாப்பிடுவதை நான் பார்த்து ஏங்கக் கூடாதென்று, கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். நான் கொல்லைக் கதவின் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். முதுகு மட்டும் தெரியும்.

நான் தேறுகிறேனா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னை ரைஸ்மில்லுக்குக் கூட்டிப் போவார்கள். நெல் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் என்னை ஏற்றுவார்கள். தராசுக்காரர் சட்டை போடாத, வாய் ஓயாத மனிதர். பால் பிடிக்காத நெல்லை எங்கள் பக்கம் கருக்கா என்போம். எனக்கு அவர் வைத்த பெயர் அதுதான்.

"கருக்கா வந்துட்டானா. ஏறுடா. காத்தடிக்கிற நேரம், கெட்டியாப் புடிச்சுக்க."

முதல் வாரம் இருபத்தோரு கிலோ. அடுத்த வாரம் இருபதரை. அதற்கடுத்த வாரம் இருபது. அப்பா ஒவ்வொரு தடவையும் தராசுக்காரரிடம் "இன்னொருக்கா பாருங்க" என்பார். அவர் இன்னொரு தடவை பார்ப்பார். எடை ஏறாது. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் வேடிக்கை பேச மாட்டார்.

பயந்துபோய் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, என்னை வெளியே அனுப்பாமலேயே சொன்னார். "குடல்ல கட்டி இருக்கலாம், டி.பி.யாவும் இருக்கலாம். பாண்டிச்சேரி போயி வயித்தத் தொறந்து பாத்தாத்தான் தெரியும். மாங்கனி முடியற வரைக்கும் பாப்போம். எடை ஏறலன்னா கூட்டிட்டுப் போயிடுங்க."

மாங்கனி எங்கள் ஊர்த் திருவிழா. மாடியில் நின்று மாம்பழம் வீசுவார்கள், கீழே ஊரே கையேந்தி நிற்கும். எல்லாப் பிள்ளைகளும் அதற்கு நாள் எண்ணினார்கள், நானும் எண்ணினேன். தொறந்து பாக்கணும் என்ற வார்த்தை என்னைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் என் தொப்புளைப் பிடித்துக்கொள்வேன்.

எனவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். டெல்டாவில் கல் கிடைக்காது, எங்கே தோண்டினாலும் களிமண்தான். ஆனால் ரோடு போடக் கொட்டியிருந்த கருங்கல் ஜல்லி இருந்தது. டவுசர் பை இரண்டிலும் நிரப்பிக்கொண்டேன். தராசில் ஏறினேன். முள் தாராளமாக ஏறியது. அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதே நேரம் அரைஞாண் கயிறு பாரம் தாங்காமல் அறுந்து, டவுசர் தராசு மேடையில் கடகடவென்று இறங்கியது.

தராசுக்காரர் குனிந்து ஒரு ஜல்லியை எடுத்துப் பார்த்தார். "ஒங்க புள்ளைக்குக் கட்டி வயித்துல இல்லீங்க. பையில" என்றார்.

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து டவுசரை மேலே இழுத்து, அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் நோன்பு பிறந்தது. அடுத்த தெருவில் இருந்த என் கூட்டாளி அந்த வருஷம் முதல் தடவையாக முப்பது நோன்பும் வைப்பதாகச் சபதம் எடுத்திருந்தான். அவன் வாப்பா குவைத்தில். வீட்டில் உம்மாவும் அவனும்தான். பகலெல்லாம் அவன் எச்சிலைக்கூட விழுங்காமல் சுருண்டு கிடப்பான். நான் பக்கத்தில் என் தினத்தாள் பொட்டலத்தோடு உட்கார்ந்திருப்பேன். அவன் சாப்பிடக் கூடாது. எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. இப்படி ஒரு ஜோடி.

"அதுல என்னடா?" என்றான் ஒரு நாள்.

"ரொட்டி."

"முழுசா? ஒனக்கே ஒனக்கா?" அவன் எழுந்து உட்கார்ந்தான். "நோன்பு தொறந்ததும் எனக்குக் குடு. நான் கஞ்சி தாரேன்."

பேரம் முடிந்தது. அன்று மாலை பாங்கு சொன்னதும் அவன் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, நேராக என் ரொட்டிக்கு வந்தான். உம்மா எனக்கு ஒரு கோப்பை நிறைய நோன்புக் கஞ்சி வைத்தார். பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பால் வாசனை. ஒன்றரை மாதத்துக்கு அப்புறம் அரிசி என் நாக்கில் பட்டது. கோப்பையை விரலால் வழித்து நக்கினேன்.

மறுநாளிலிருந்து இதுதான் வழக்கம். காலையில் அப்பா கொடுக்கிற ரொட்டியை அப்புறம் சாப்பிடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொள்வேன். பகலில் அம்மா வடிகஞ்சியில் உப்புப் போட்டுத் தருவாள். "சோறுதான் ஆகாதுன்னாங்க. தண்ணி ஆகாதுன்னு யாரும் சொல்லல" என்பது அவள் சட்டம். மாலையில் உம்மா வீட்டுக் கஞ்சி, இரண்டு கோப்பை. பிறகு வீட்டுக்கு வந்து காலித் தினத்தாளை அப்பாவிடம் காட்டுவேன்.

"முழுசும் தின்னுட்டானா?" என்று அப்பா அம்மாவைக் கேட்பார்.

"தாளத்தான் காட்டுறானே" என்பாள் அம்மா.

ஒரு விஷயம் மட்டும் கூட்டாளிக்குப் பொறுக்கவில்லை. "உம்மா, எனக்கு மட்டும் பள்ளிவாசல் தண்ணிக் கஞ்சி. இவனுக்கு எப்படி இவ்வளவு கெட்டியா வருது?"

"அவன் விருந்தாளி. வாய மூடிட்டுக் குடி" என்பார் உம்மா.

அந்த மாதம் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவை அம்மா ஒரு அலுமினியத் தூக்கை என்னிடம் கொடுத்து உம்மா வீட்டுக்கு அனுப்புவாள். மூடியின் குமிழ் உடைந்து, அந்த இடத்தில் ஒரு துணி முடிச்சு இருக்கும். "உம்மாட்ட குடுத்துட்டு வெறுந்தூக்க வாங்கிட்டு வா. தொறந்து கிறந்து பாக்காத, சீயக்காத் தூளு, கண்ணு எரியும்." நான் பார்க்கவில்லை. சொன்ன பேச்சு கேட்டு நான் அடைந்த பெருமை இது ஒன்றுதான்.

இரண்டாவது வாரம் வயிறு போவது நின்றது. மூன்றாவது வாரம் எங்கள் தெருமுனையிலிருந்து பள்ளிவாசல் வரை ஓடினேன். ஓட முடிகிறது என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. கூட்டாளியும் தடித்தான். நோன்பு மாதத்தில் கன்னம் வைத்த ஒரே ஆள் அவன்தான்.

ரைஸ்மில்லில் தராசுக்காரர் முதலில் என் பைகளைத் தடவினார், பிறகு இடுப்பைத் தடவினார், வாயைத் திறக்கச் சொல்லி உள்ளேயும் பார்த்தார். பிறகுதான் ஏற்றினார். இருபத்திரண்டே முக்கால். இறக்கி, எடைக்கல்லை மாற்றி, மறுபடி ஏற்றினார். அதே இருபத்திரண்டே முக்கால்.

"பால் புடிச்சிருச்சுங்க" என்றார் அப்பாவிடம். அதற்குப் பிறகு அவர் என்னைக் கருக்கா என்று கூப்பிடவில்லை.

மாங்கனி முடிந்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது, பாலத்தில் பஸ் போகும்போது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் வயிற்றை அமுக்கினார். பானை பாதி குறைந்திருந்தது.

"பரவால்லையே. தொறக்க வேண்டாம் இப்ப. என்ன குடுக்குறீங்க?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"ரொட்டி சார். மூணு வேளையும் ரொட்டிதான். நானே டவுனுக்குப் போயி சூடா வாங்கிட்டு வந்துடறேன் சார். ஒரு நாள் தவறுனதில்ல."

"அதையே குடுங்க" என்றார் டாக்டர்.

என் வாய் திறந்தது. உண்மையில் திறந்தது, எனக்கு நினைவிருக்கிறது. பின்னால் சுவரோரம் அம்மா நின்றாள். அவளுக்கும் ஏதோ சொல்ல வருகிற மாதிரி உதடு பிரிந்தது. அப்பா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். சைக்கிள் மிதித்து மிதித்து அவர் உள்ளங்கையில் காய்த்திருந்தது. அந்தக் கையால் என் தலையைத் தடவினார். நான் வாயை மூடிக்கொண்டேன். நாற்பது வருஷத்துக்கு மூடிக்கொண்டேன், சாப்பிடுகிற நேரம் தவிர.

பெரியப்பாவுக்கு வெற்றி. எனக்கு இனித் தினமும் ஒன்றுக்கு இரண்டு ரொட்டி. நோன்பு முடிந்துவிட்டது, கூட்டாளியும் பகலிலேயே வீட்டில் சாப்பிட ஆரம்பித்துவிட்டான், பேரத்துக்கு ஆளில்லை. ரொட்டியை நானே தின்றேன். வயிற்றுக் கோளாறு மெல்லத் திரும்பிவந்தது. முன்பு போல் அவ்வளவு மோசமில்லை. அம்மா மத்தியானம் சோறும் போட ஆரம்பித்திருந்தாள், தேறிய பிள்ளைக்கு யாரும் தடுக்கவில்லை. சோறு தூக்கிவிட, ரொட்டி இறக்கிவிட, இரண்டுக்கும் நடுவில் வளர்ந்து, வேலைக்குப் போய், கல்யாணமும் செய்துகொண்டேன். மின்துறை ஆபீசில் கழிப்பறைக்குப் பக்கத்து மேஜை காலியானால் எனக்குத்தான் என்பது எழுதாத விதி.

நடுவில் பார்த்த டாக்டர்களைச் சொன்னால் உங்களுக்கும் சலிக்கும். ஒருவர் அல்சர் என்றார். ஒருவர் கிருமி என்று இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார். தஞ்சாவூரில் ஒருவர் ஸ்கேனைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே" என்றார், நான் ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி. இன்னொருவர் டென்ஷன் என்றார். வெறும் வயிற்றோடு வரிசையில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு டென்ஷன் வந்தது நிஜம். சுரக்குடியில் ஒரு வைத்தியரிடம் சூரணம் வாங்கித் தின்றேன். ரத்தம் குறைவாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள், எங்கே போகிறது என்று யாரும் சொல்லவில்லை. என் ஃபைல் தடித்துக்கொண்டே போனது, நான் இளைத்துக்கொண்டே போனேன். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோரும் பெரியப்பாவின் கட்சி. அரிசியைக் குறைங்க, கோதுமைக்கு மாறுங்க.

நான் மாறினேன். முழுசாக மாறினேன். பத்து வருஷம்.

அதனால்தான் அந்தப் பெண் டாக்டர் என்னை அப்படிப் பார்த்திருக்கிறார். ரத்தப் பரிசோதனையும், குடலிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கின் முடிவும் வந்தபிறகு கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"சீலியாக்னு ஒண்ணு சார். கோதுமைல இருக்குற ஒரு சத்து உங்க குடலுக்கு ஆகாது. சின்ன வயசுலேருந்தே இருந்திருக்கும். நம்ம பக்கம் அரிசி திங்கிற ஊரு, அதனால இத அவ்வளவா யாரும் தேடறதில்ல."

"அப்ப நான் என்ன சாப்புடுறது?"

"சோறு சாப்பிடுங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் நான் அழுகிறேன் என்று நினைத்து டிஷ்யூ கொடுத்தார். திருத்தவில்லை; அதில் கொஞ்சம் அதுவும் இருந்தது.

"அம்மா இருக்காங்களா சார்? சின்ன வயசுல எப்படி இருந்தீங்க, எது சாப்பிட்டா சரியாச்சு, எது சாப்பிட்டா ஆகலன்னு கேட்டுட்டு வாங்க. எழுதி வச்சிக்குவோம்."

கோட்டுச்சேரிக்குப் போனேன். அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. சைக்கிளும் இல்லை, அந்தத் தூக்கும் இல்லை. அம்மா டிவியில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"வெளம்பரம் வரட்டும்."

விளம்பரம் வந்தது. சொன்னேன். கோதுமை ஆகாது என்று சொன்னேன். நாற்பது வருஷமாக வயிற்றுக்குள் வைத்திருந்ததையும் சொன்னேன். அந்த நோன்பு மாதம் நான் ரொட்டியே தின்னவில்லை, கூட்டாளி தின்றான், நான் கஞ்சி குடித்தேன், அதனால்தான் தேறினேன்.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அந்தத் தூக்குல என்ன இருந்துச்சின்னு நெனச்ச?"

"சீயக்காத் தூளு."

"மூணு நாளைக்கு ஒரு தூக்குச் சீயக்கா. அந்த வீட்டுல உம்மா ஒருத்திக்குத்தான் தல முடி. அவுங்களுக்கு முடி என்ன நாகூர் வரைக்குமா இழுபடுது?" அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வறுத்து ஒடச்ச நொய்யி. நீ அங்க கஞ்சி குடிக்கிறன்னு உம்மா வந்து சொன்னாங்க. ஒனக்குன்னு தனியாக் காச்சிக் குடுக்கச் சொன்னேன். நம்ம வீட்டுல காச்சுனா வாசன வந்துரும்."

என் மருந்தை நானே சுமந்துகொண்டு போய்க் கொடுத்திருக்கிறேன், மூடியைத் திறக்காமல்.

"அன்னைக்கு டாக்டர்ட்ட அப்பா பேசுறப்ப நீ சொல்லியிருக்கலாம்ல?"

"உங்கப்பா விடிய முன்ன எந்திரிச்சு மிதிச்சிட்டுப் போயி வாங்கியாந்தாங்க. ரொட்டிதான் எம்புள்ளயக் காப்பாத்துச்சுன்னு தெருத்தெருவா சொல்லிட்டுத் திரிஞ்சாங்க. அத எப்படி இல்லன்றது? நீ தேறிட்ட. எது பேரு வாங்குனா எனக்கென்ன?"

"ரொட்டிதான் எனக்கு ஆகலன்னு உனக்குத் தெரியுமா அப்ப?"

"அது தெரியாது. சோறு ஆகும்னு தெரியும்."

சீரியல் திரும்ப ஆரம்பித்தது. நான் விடவில்லை. கொண்டுபோயிருந்த ஃபைலைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, எத்தனை டாக்டர், எத்தனை ஊசி, எத்தனை ஸ்கேன், எத்தனை நாள் வெறும் வயிற்றோடு என்று ஒவ்வொரு தாளாகக் காட்டிப் புலம்பினேன். இந்த வயதிலும் அம்மாவிடம் ஒரு ஐயோ பாவம் வாங்கிவிடலாம் என்ற ஆசை.

அம்மா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

"தஞ்சாவூரு, பாண்டிச்சேரி, மெட்ராசுன்னு நாப்பது வருஷமா வயித்தத் தூக்கிக்கிட்டு அலஞ்சியே, எங்கிட்ட ஒரு நாளு கேட்டியாடா?"